அக்ரிலிக்கில் டெக்ஸ்ச்சர்: பட்டி ஏன் வெடித்தது, வேறு எதைச் செய்து பார்க்கலாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒரு வருடமாக அக்ரிலிக்கில் அரூப ஓவியம் வரைகிறீர்கள். எல்லாம் தட்டையாகத் தெரிகிறது என்று, சுவருக்கு வாங்கி மீந்த பட்டியைக் கேன்வாஸில் கத்தியால் பூசினீர்கள். சில நாளில் அது வெடித்து உதிர ஆரம்பித்துவிட்டது. பசை தடவி மணல் தூவினால் கை பட்டாலே கொட்டுகிறது. மாடலிங் பேஸ்ட்டில் வண்ணத்தைக் கலந்தால் ஆழமான நீலம்கூட வெளிறிப்போகிறது. அதிகச் செலவில்லாமல் என்னென்ன முறைகளைச் செய்து பார்க்கலாம், எந்த வரிசையில் என்பது கேள்வி.

மேடு பள்ளம் கட்டுவது ஒரு வேலை, அதற்கு வண்ணம் கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. முதலில் வெள்ளையாகவே கட்டுங்கள். முழுக்கக் காயவிடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கேன்வாஸின் ஓரத்தில், கிட்டத்தட்டப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, எந்த இடம் சும்மா குப்பையாகக் கிடக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்த நிழல்கள் பிடித்திருந்தால் வண்ணத்துக்குப் போகலாம். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு பூச்சு போடலாம், உப்புத்தாளால் தேய்த்து இறக்கலாம். வண்ணம் ஏறிய பிறகு இந்தச் சுதந்திரம் பாதியாகக் குறைந்துவிடும்.

மீதிப் பாதிச் சிக்கல் பிடிமானம். அக்ரிலிக் வண்ணம் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் துளிகளும் நிறமியும் சேர்ந்தது. தண்ணீர் ஆவியாக ஆவியாகத் துளிகள் நெருங்கி ஒட்டிக்கொண்டு, வளைந்து கொடுக்கிற ஒரு படலமாகின்றன. அந்தப் படலம்தான் நிறமியையும் பொடியையும் மணலையும் பிடித்து நிறுத்துகிறது. ஈரத்தில் துளிகள் பால் நிறமாக இருப்பதால் வண்ணம் சற்று வெளிறித் தெரியும்; காய்ந்ததும் ஒரு படி கருக்கும். தண்ணீர் போன இடம் காலியாவதால் கனமும் குறையும். இந்தச் சுருக்கத்தை மனதில் வைத்தால் உங்கள் பட்டிக்கு என்ன ஆனது என்பது புரியும்.

சுவர்ப் பட்டியில் பெரும்பாலானவை வெள்ளை சிமென்டால் ஆனவை. அசையாத சுவரில் மெல்லிய பூச்சாக நிற்பதற்கென்று செய்த பொருள் அது. கேன்வாஸ் துணி ஈரத்துக்கும் சூட்டுக்கும் இறுகித் தளர்ந்துகொண்டே இருக்கும். தூக்கி மாட்டினாலே அதிரும். வளையாத பூச்சு அதன் மேல் வெடிக்கத்தான் செய்யும். சிமென்டின் காரத்தன்மை தனிப் பிரச்சினை. பிரஷ்யன் புளூ மாதிரியான சில நிறமிகள் காரத்தில் நிறம் கெட்டுவிடும். அக்ரிலிக் பட்டி என்று தனியாக விற்கிறார்களே, அதில் சிமென்ட் இல்லை, ஆனாலும் பொடி அதிகம், பிடிமானம் குறைவு. பட்டியை விட மனமில்லை என்றால் பிளைவுட்டிலோ எம்.டி.எஃப். பலகையிலோ மெல்லிசாகப் பூசி, நன்றாகக் காய்ந்ததும் மேலே ஒரு கோட் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேர்க்காத அக்ரிலிக்) கொடுங்கள். கேன்வாஸில் வேண்டாம்.

அந்த வெடிப்பு உங்களுக்குப் பிடித்திருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்திருந்தால் அதையே ஒரு முறையாக எடுத்துக்கொள்ளலாம். இத்தாலிய ஓவியர் ஆல்பர்ட்டோ புர்ரி 1970களில் 'கிரெட்டி' என்று ஒரு வரிசையே செய்தார். கயோலின் களிமண், வெள்ளை நிறமி, வினைல் பசை ஆகியவற்றின் கலவையைக் கெட்டியான நார்ப்பலகையில் கனமாகப் பரப்பி, அது காய்ந்து சுருங்கும்போது வருகிற வெடிப்புக் கோடுகளையே ஓவியமாக்கினார். வேண்டிய அளவு வெடித்ததும் மேலே பசைப் பூச்சு கொடுத்து நிறுத்தினார். சிசிலியில் 1968 நிலநடுக்கத்தில் அழிந்த கிபெல்லினா ஊரின் இடிபாடுகள் மேல் இதையே வெள்ளைக் கான்கிரீட்டில் ஊர் அளவுக்குச் செய்யத் தொடங்கியதும் அவர்தான். இதில் நமக்கு வேண்டிய பாடம் அடித்தளம். புர்ரி பலகையில் செய்தார், அதனால் வெடித்த துண்டுகள் உதிரவில்லை. கனமாகப் பூசிய இடத்தில் வெடிப்பு அகலமாக வரும், மெல்லிய இடத்தில் நுணுக்கமாக வரும். ஒரே பலகையில் ஒரு பக்கம் கனம், மறுபக்கம் மெல்லிசு என்று சரிவாகப் பூசிப் பாருங்கள். வெடிப்பு ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குச் சன்னமாகிக்கொண்டே போகும்.

இனி பேஸ்ட். கடையில் மாடலிங் பேஸ்ட் என்று விற்பது அக்ரிலிக் மீடியத்தில் பளிங்குப் பொடி கலந்தது. வீட்டில் செய்வது கடினமில்லை. ஒரு பங்கு அக்ரிலிக் மீடியத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு மார்பிள் பவுடரை, கொஞ்சம் கொஞ்சமாக, கட்டி விழாமல் கலக்குங்கள். உளுந்து வடை மாவின் பதத்துக்கு வர வேண்டும். கத்தியால் எடுத்து நிறுத்தினால் முனை சாயாமல் நிற்க வேண்டும். தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள். தண்ணீர் கூடினால் சுருக்கம் கூடும், சுருக்கம் கூடினால் வெடிப்பு. இளக வேண்டுமென்றால் மீடியத்தையே இன்னும் ஒரு கரண்டி விடுங்கள். மார்பிள் பவுடர் கிடைக்காத ஊரில் கோலத்துக்கு விற்கிற வெள்ளைக் கல்மாவைச் சலித்துப் பயன்படுத்தலாம். அரிசி மாவுக் கோலப்பொடி மட்டும் கூடாது. பூஞ்சை பிடிக்கும், பூச்சி வரும். எந்தப் பொடியானாலும் கலக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்.

மர வேலைக்கான வெள்ளைப் பசையை மீடியத்துக்குப் பதிலாகப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பயிற்சிப் பலகைக்குச் சரி. வைத்திருக்கப்போகிற ஓவியத்துக்கு நான் போட மாட்டேன். ஈரம் பட்டால் அது மறுபடி இளகும், காலப்போக்கில் பழுப்பேறவும் செய்யும். காசை எதில் மிச்சம் பிடிக்கலாம் என்றால் பொடியில், கருவிகளில், பலகையில். மீடியத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பூசுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் காயவிட்டு அடுத்த அடுக்கு. கனமாக அப்பினால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும்; உள்ளே இருக்கிற தண்ணீர் மெதுவாகக் கிளம்பும்போது அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைப்பதும் மின்விசிறிக்கு நேர் கீழே வைப்பதும் இதைத்தான் செய்கின்றன. நிழலில் வையுங்கள். முதல் ஒரு நாள் மேலே படாதபடி பாலித்தீன் தாளைக் கூடாரமாகக் கவிழ்த்து வைத்தால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கனமான அடுக்கு காய ஒரு வாரம்கூட ஆகும், அவசரப்படாதீர்கள். விரல் நகத்தால் அழுத்தினால் உள்ளே மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் வெளிறியதற்குக் காரணம் எளிது. மாடலிங் பேஸ்ட்டில் பளிங்குப் பொடி இருக்கிறது, அது வெள்ளை. அதில் நீலத்தைக் கலப்பது, வெள்ளை வண்ணத்தோடு நீலத்தைக் கலப்பதற்குச் சமம். வண்ணத்தோடு சேர்த்தே கனம் வேண்டுமென்றால் ஹெவி ஜெல் மீடியம் வாங்குங்கள். அதில் பொடி கிடையாது. ஈரத்தில் பாலாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் கண்ணாடியாகிவிடும். தாலோ புளூவை அதில் கலந்தால் நீலம் நீலமாகவே நிற்கும், ஒளி உள்ளே போய்த் திரும்புகிற ஆழமும் கிடைக்கும். பேஸ்ட்டை மேடு கட்டுவதற்கும் ஜெல்லை வண்ணத்தோடு கலப்பதற்கும் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

மணலுக்கு வருவோம். பசை மேல் தூவினால் ஒவ்வொரு மணலும் அடிப்பக்கம் மட்டும்தான் ஒட்டியிருக்கும், அதனால்தான் கொட்டுகிறது. மணலை ஜெல்லிலோ மீடியத்திலோ போட்டு, ஒவ்வொரு துகளும் முழுக்க நனையும்படி பிசைந்து, அப்புறம் பூசுங்கள். காய்ந்ததும் நீர்த்த மீடியம் ஒரு கோட். இப்படிப் பூசியதைக் கையால் தேய்த்தாலும் ஒன்றும் வராது. கடற்கரை மணல் எடுத்துவராதீர்கள். அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். வீடு கட்டும் இடத்தில் ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்குங்கள். பாறையை உடைத்துச் செய்வதால் அதன் துகள்கள் கோணல் மாணலாக, கூர்மையாக இருக்கும். உருண்டையான ஆற்று மணலைவிடப் பிடிமானமும் நிழலும் அதிகம். தூசி நிறைய இருக்கும் என்பதால் தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவைத்து, இரண்டு சல்லடையில் சலித்து, பொடி, நடுத்தரம், கரடு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினின் அந்தோனி தாப்பியெஸ் பளிங்குப் பொடியும் மணலும் கலந்து கனத்த சுவர்களைப் போலவே ஓவியப் பரப்புகளைச் செய்து, அவற்றில் கீறியும் குழித்தும் வரைந்தார். கரடு மணலையும் மெல்லிய கீறலையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பது எப்படி என்று பார்க்க அவர் படங்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கருவிகளுக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டினால் சீப்பு தயார். டைல்ஸ் ஒட்டுபவர்களின் பல் கரண்டி, பட்டி பிளேடு, ஜன்னல் துடைக்கும் ரப்பர் பட்டை, தேங்காய் நார், சாக்குத் துண்டு எல்லாம் வேலைக்கு ஆகும். ஆனால் கருவியை மாற்றுவதைவிட நேரத்தை மாற்றிப் பாருங்கள் என்பேன். ஒரே பரப்பு, நீங்கள் தொடும் நேரத்தைப் பொறுத்து மூன்று வேறு அடையாளங்களைத் தரும். அடியில் பர்ன்ட் சியன்னா பூசிக் காயவிட்டு, பளபளப்பாகக் காய்கிற கிளாஸ் (gloss) மீடியம் ஒரு கோட் கொடுத்துக் காயவிடுங்கள். மேலே டைட்டானியம் வெள்ளையில் கொஞ்சம் ரா அம்பர் கலந்த சாம்பலை ஜெல்லோடு சேர்த்து மூடுங்கள். உடனே சீப்பை இழுத்தால் கோடுகள் சுத்தமாக, கரை உயர்ந்து வரும். அடியிலுள்ள செம்பழுப்பு தெளிவாகத் தெரியும். ஈரத்தின் பளபளப்பு மங்கத் தொடங்கியதும் இழுத்தால் மேல்தோல் சுருண்டு கிழியும். கோட்டின் ஓரம் பிசிறடித்து, அங்கங்கே வண்ணம் துணுக்காகப் பெயரும். இந்த இரண்டாவது அடையாளம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே, அதுவும் அறையின் சூட்டைப் பொறுத்தது. நேரம் போதவில்லை என்றால் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்க்கலாம்; பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவைத் தாண்டினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

மூன்றாவது, முழுக்கக் காய்ந்த பிறகு. மேடு பள்ளத்தின் மேல் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று நாலைந்து வண்ணங்களை ஒவ்வொன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். அப்புறம் தண்ணீர் தொட்டுக்கொண்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தால் மேடுகள் மட்டும் தேயும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் உள்ளே புதைந்த வண்ணங்கள் வளையம் வளையமாக வெளியே வரும். எந்த மேடு எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்து வளையம் மாறும் என்பதால் இரண்டு இடம் ஒரே மாதிரி வராது. உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். மணல் கலந்திருந்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

இழுத்தல், சுரண்டல் பற்றிப் பேசும்போது அமெரிக்க ஓவியர் ஜாக் விட்டன் பெயரைச் சொல்லாமல் விட முடியாது. அலபாமாவில் 1939-இல் பிறந்து நியூயார்க்கில் வேலை செய்தவர். 1970களில் கேன்வாஸைத் தரையில் விரித்து, அக்ரிலிக்கை அடுக்கடுக்காகக் கனமாக ஊற்றி, சுமார் 12 அடி அகலமுள்ள ஒரு மரக் கருவியால் ஒரே இழுப்பில் முழு ஓவியத்தையும் முடித்தார். அந்தக் கருவிக்கு 'டெவலப்பர்' என்று பெயர் வைத்திருந்தார். துணிக்குக் கீழே கம்பி, கல் என்று எதையாவது வைத்திருப்பார். கருவி மேலே கடக்கும்போது அந்த இடத்தில் மட்டும் அடுக்குகள் உடைந்து உள்வண்ணம் எட்டிப்பார்க்கும். பிற்காலத்தில் காய்ந்த அக்ரிலிக்கையே சிறு சிறு சில்லுகளாக வெட்டி மொசைக் போல ஒட்டினார். இரண்டும் வீட்டில் செய்யக்கூடியவை. துணிக்கு அடியில் சணல் கயிற்றை வைத்துவிட்டு மேலே ரப்பர் பட்டையால் இழுத்துப் பாருங்கள். தட்டில் மீந்துபோகிற வண்ணத்தைப் பாலித்தீன் தாளில் பரப்பிக் காயவிட்டு உரித்தெடுத்து வெட்டினால் சில்லு தயார், ஜெல்லால் ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது வெள்ளையாகக் கட்டிய மேட்டுக்கு எப்படி வண்ணம் கொடுப்பது. காய்ந்த பேஸ்ட் தண்ணீரை உறிஞ்சும். அதன் மேல் நேரடியாக நீர்த்த வண்ணத்தை விட்டால் திட்டுத் திட்டாகக் கறையாகி அப்படியே நின்றுவிடும். அதனால் முதலில் கிளாஸ் மீடியத்தைச் சற்று நீர்க்க விட்டு ஒரு கோட் பூசி அடைத்துவிடுங்கள். காய்ந்ததும், ஒளி ஊடுருவும் வண்ணம் ஒன்றைக் கிளேசிங் மீடியத்தில் (வண்ணத்தை மெல்லிய, ஒளி ஊடுருவும் பூச்சாக்கும் மீடியம்) கரைத்து, பள்ளமெல்லாம் நிரம்பும்படி தடவுங்கள். தாலோ, குவினாக்ரிடோன், சாப் கிரீன் எல்லாம் இதற்கு ஏற்றவை. ஒரு நிமிடத்துக்குள் ஈரத் துணியை உள்ளங்கையில் தட்டையாக மடித்துப் பிடித்து, அழுத்தாமல் மேலாக ஒற்றி எடுங்கள். மேடு வெளுக்கும், பள்ளத்தில் வண்ணம் தங்கும். காயட்டும். இன்னொரு வண்ணத்தில் அதையே திரும்பச் செய்யுங்கள். நீலத்தின் மேல் மெல்லிய சிவப்பு போனால் பள்ளங்கள் ஊதாவாகவும் சரிவுகள் இளஞ்சிவப்பாகவும் பிரியும். இதைத் தட்டில் கலந்து ஒருபோதும் கொண்டுவர முடியாது. கடைசியில், தூரிகையில் வெளிர் வண்ணத்தைக் கொஞ்சமாக எடுத்து, துணியில் துடைத்து, கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் உச்சிகளை மட்டும் தொட்டுச் செல்லுங்கள். உங்கள் பேஸ்ட் எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

மற்ற முறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஈர வண்ணத்தின் மேல் பாலித்தீன் தாளைச் சுருக்கிப் போட்டு, காய்ந்தபின் உரித்தால் பாறைப் பிளவு மாதிரி கோடுகள் வரும். பலகையில் நன்றாக வரும். டிஷ்யூ பேப்பரை மீடியத்தில் நனைத்துச் சுருக்கி ஒட்டினால் மெல்லிய நரம்புகள் கிடைக்கும், மேலும் கீழும் மீடியம் இருக்க வேண்டும். நீர்த்த வண்ணத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சொட்டினால் வட்ட வட்டமாக விலகும். கல் உப்பு தூவுவது வாட்டர்கலருக்கு நல்லது, அக்ரிலிக்கில் பலன் குறைவு, உப்பு உள்ளேயே தங்கும் ஆபத்து வேறு. பபுள் ராப் அச்சை நான் பரிந்துரைப்பதில்லை. பார்ப்பவருக்கு ஓவியத்துக்கு முன்னால் பபுள் ராப்தான் தெரிகிறது. போட்டே ஆகவேண்டும் என்றால் போட்டுவிட்டுப் பாதியைச் சுரண்டி மறையுங்கள். பருப்பு, ரவை, காபித்தூள் ஒட்டுவதைக் காணொளிகளில் காட்டுகிறார்கள். நம் ஊர் ஈரத்துக்கும் எறும்புக்கும் கரப்பானுக்கும் நடுவே அது வேண்டாம்.

எவ்வளவு டெக்ஸ்ச்சர் என்பதில் ஒரு கருத்து. புதிதாகக் கற்றதை முழுக் கேன்வாஸிலும் நிரப்பத் தோன்றும். எல்லா இடமும் கரடாக இருந்தால் எந்த இடத்திலும் கண் நிற்காது. வழவழப்பான பெரிய பரப்பு ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் கரடு கரடாகத் தெரியும். மணல் பூசிய இடத்தின் ஓரத்தை எப்படி முடிக்கிறீர்கள் என்பதற்கு அதிக நேரம் கொடுங்கள்: கத்தியால் வெட்டினாற்போல் நிற்கப்போகிறதா, துகள் துகளாகக் குறைந்து சமதளத்தில் கரையப்போகிறதா. உயரமும் அவசியமில்லை. இந்திய ஓவியர் வி.எஸ். கைதோண்டே எண்ணெய் வண்ணத்தை ரோலராலும் பேலட் கத்தியாலும் பூசியும் வழித்தும் செய்த அரூபங்களில் மேடு என்று தொட்டுச் சொல்ல அதிகம் இருக்காது. ஆனாலும் அந்தப் பரப்பில் அவ்வளவு ஆழம். ஒட்டுவதைப்போலவே வழித்தெடுப்பதும் டெக்ஸ்ச்சர்தான். அக்ரிலிக்கில் அதைச் செய்ய, ஈர வண்ணத்தின் மேல் செய்தித்தாளை அழுத்தி உடனே உரித்துப் பாருங்கள்.

செய்து பார்க்க கேன்வாஸ் வாங்காதீர்கள். ஆறு அங்குலச் சதுரமாக எம்.டி.எஃப். துண்டுகளை வெட்டி வாங்கி, இருபுறமும் மீடியம் பூசி அடைத்து, முன்பக்கம் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு முறை. பின்பக்கம் கலவை அளவு, காய்ந்த நேரம், என்ன வண்ணம் என்று பென்சிலால் எழுதிவையுங்கள். அடைக்காமல் விட்டால் பலகையிலிருந்தும் அடிப்பூச்சு இல்லாத கேன்வாஸ் துணியிலிருந்தும் பழுப்புச் சாயம் கனமான ஜெல்லுக்குள் ஏறி, கண்ணாடியாக இருக்க வேண்டியது மஞ்சளாகிவிடும். கனமான பேஸ்ட் வேலை எல்லாவற்றுக்கும் பலகையையே வைத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸ் எடை தாங்காமல் தொய்யும். கேன்வாஸ்தான் வேண்டும் என்றால் ஜெல்லும் மெல்லிய பேஸ்ட்டும் மட்டும்.

முடித்த ஓவியத்தில் தூசி பள்ளத்தில் சேரும், அதனால் வார்னிஷ் அவசியம். கிளாஸ் வார்னிஷ் மேடுகளில் மினுக்கி உயரத்தைக் கூட்டிக் காட்டும், மேட் வார்னிஷ் நிழலை மென்மையாக்கும். எது வேண்டும் என்று உங்கள் சிறு பலகைகளில் பாதிப் பாதி பூசிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று: அக்ரிலிக் காய்ந்தபின்னும் சூட்டில் இளகும். மே மாதத்தில் இரண்டு ஓவியங்களை முகத்தோடு முகம் சாய்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மேடு பெயர்ந்து வரும். பபுள் ராப்பை நேராகச் சுற்றினால் அதன் புள்ளிகள் பதிந்துவிடும். கேக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் பூசிய பேக்கிங் (baking) தாளை இடையில் போடுங்கள், நான்கு மூலையிலும் அட்டைத் துண்டு வைத்து இடைவெளி விடுங்கள். முதலில் வாங்க வேண்டியவை ஒரு டப்பா ஹெவி ஜெல், ஒரு பாட்டில் கிளாஸ் மீடியம், ஒரு கிலோ மார்பிள் பவுடர். மாடலிங் பேஸ்ட் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அது தீர்ந்தபின் வீட்டில் கலக்கத் தொடங்கலாம்.